பள்ளம் தெரியாதவன்

எனக்குப் பள்ளம் தெரியாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். உங்களுக்குத் தெரியும், என் பெண்டாட்டி பிரகாசிக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியும், கருவாடு காயப்போட்ட இடத்தில் சுற்றுகிற நாய்க்குக்கூடத் தெரியும். கல்லாமுனையில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

பள்ளம் என்றால் போலீஸ் போடுகிற புதுத் தடுப்பு. கம்பெனிக்காரன் அதற்கு 'விளிம்பு' என்று அழகாகப் பேர் வைத்திருக்கிறான். பேரில் என்ன குறைச்சல்! உச்சியில் சின்ன விளக்கோடு முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பம், பத்தடி தள்ளி இன்னொரு கம்பம், அவ்வளவுதான். நடுவில் கயிறு கிடையாது, கம்பி கிடையாது. ஆனால் பக்கத்தில் போனால் தரை முடிந்துபோகும். கண்ணுக்கு ரோடு தெரியும், உடம்புக்கு ரோடு இருக்காது. கைப்பிடிச் சுவர் இல்லாத பத்தாவது மாடி ஓரத்தில் நிற்கிற மாதிரி இருக்குமாம். 'இருக்குமாம்' என்றுதான் நான் சொல்ல முடியும்.

எனக்கு ஏன் தெரியாது என்றால், ஐந்து வருஷத்துக்கு முன்னால் டி.பி. வந்தது. மாத்திரைக்கு மசியாத வகை. எட்டு மாசம், தினம் ஒரு ஊசி. நெஞ்சு தேறிவிட்டது, காது போய்விட்டது. கேட்கிற காது இல்லை, நிதானம் சொல்கிற காது. முகத்துக்கு சோப்புப் போடக் கண்ணை மூடினால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருட்டில் நடந்தால் குடிகாரன் நடை. வள்ளத்தில் ஏறி நின்றால் தண்ணீரில் விழுவேன். கடலுக்குப் போனவனுக்கு அதற்கப்புறம் என்ன பிழைப்பு இருக்கிறது? "ஏலே தொம்மை, காலையிலேயே ஏத்திட்டியா?" என்று ஊரே கேட்கும். ஆரம்பத்தில் விளக்கம் சொன்னேன். அப்புறம் "ஆமா, உனக்கும் ஒரு குவாட்டர் வேணுமா?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட ஆட்களைத்தான் கம்பெனி தேடிக்கொண்டிருந்தது. கம்பங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்றால் கரண்ட் ஓடும்போதே அவற்றை நட வேண்டும். பள்ளம் தெரிகிறவன் எப்படி உள்ளே போய் நடுவான்? ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்து என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

பயிற்சிக்குச் சென்னையிலிருந்து மிர்துளா என்று ஒரு என்ஜினியர் வந்திருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பிள்ளை, தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தது.

"காதுக்குள்ள ரொம்ப ஆழத்துல சின்னச் சின்ன வளையம் இருக்குண்ணா. அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி மாதிரி. நீங்க நிக்கிறீங்களா, சாயுறீங்களான்னு அதுதான் மூளைக்குச் சொல்லும். எங்க கம்பம் அந்தத் தண்ணியை லேசா ஆட்டிவிடும். மிச்சத்தை மூளையே போட்டுக்கும்."

"அப்போ கம்பத்துல பள்ளம் இல்லையாம்மா?"

"கம்பத்துல ஒண்ணுமே இல்ல. எல்லாம் ஆளுக்குள்ளதான்."

"ஆளுக்கு எதாச்சும் ஆயிட்டா?"

"முள்கம்பின்னா கிழிக்கும், லத்தின்னா மண்டை உடையும். இதுல ஒரு கீறல் விழாது. யாரும் யாரையும் தள்ளவே வேண்டாம். அவங்களே நின்னுருவாங்க."

எனக்கு அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. என் முதுகில் லத்தி பட்ட தழும்பு இரண்டு இருக்கிறது. அடி இல்லாத போலீசா, வரட்டுமே என்று நினைத்தேன்.

வேலை ஜோடி ஜோடியாகத்தான். பள்ளம் தெரியாத ஒருத்தன் நடுவான், தெரிகிற ஒருத்தன் சோதிப்பான். எனக்கு ஜோடி ஆவுடையப்பன் அண்ணாச்சி. ஐம்பது வயது, பழைய லாரி கிளீனர், அநியாயத்துக்கு நல்ல மனுஷன். நான் கம்பத்தை நட்டுவிட்டுக் கையைக் காட்டுவேன். அண்ணாச்சி வெளியிலிருந்து மெள்ள நடந்து வருவார். எந்த இடத்தில் அவர் முகம் வெளுத்துக் கால் பின்வாங்குகிறதோ, அங்கே சுண்ணாம்புக் கோடு. சில நாள் கோட்டிலேயே வாந்தியும் எடுப்பார். "இன்னைக்கு இட்லி போச்சு தம்பி" என்று வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போவார். ஒரு நிமிஷத்துக்கு மேல் அவர் விளிம்பில் நின்றதே இல்லை. நிற்கவும் கூடாது என்று விதி.

முன்பெல்லாம் தடுப்பு என்றால் இரும்புத் தடுப்புதானே. மஞ்சள் பெயிண்ட் அடித்து, நடுவில் ஏதாவது ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கும். அதைப் பிடித்து ஆட்டலாம். எதிரில் நிற்கிற போலீஸ்காரன் மூஞ்சியைப் பார்த்துத் திட்டலாம். அவனும் வெயிலில் நிற்கிறவன்தான், பத்து நிமிஷத்தில் "எனக்கு மட்டும் ஆசையாண்ணே?" என்று ஆரம்பிப்பான். மாதா திருவிழாவில் சப்பரம் வரும்போது நாங்களே சவுக்குக் கம்பு கட்டி, அதன் மேல் பிள்ளைகளை உட்கார வைத்து வேடிக்கை காட்டுவோம். டீசல் பிரச்சினை வந்த வருஷம் ஆறு வள்ளத்தை இழுத்து வந்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டோம். மூன்று நாள் ஒரு ஜீப் ஊருக்குள் நுழையவில்லை. தடுப்பு என்ன போலீஸ் அப்பன் வீட்டுச் சொத்தா? யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் தூக்கி எறியலாம். அந்த ஒரு நியாயமாவது அதில் இருந்தது.

பள்ளத்தை யார் தூக்கி எறிவது? அங்கே நின்று யாரைத் திட்டுவது?

எங்கள் ஊருக்கு அது வந்தது துறைமுக விரிவாக்கத்தால். ரோட்டுக்குக் கிழக்கே துறைமுகம், மேற்கே ஊர். புது அலைச்சுவர் கட்டினால் எங்கள் வள்ளம் நிற்கிற துறை காலி. அடிக்கல் நாட்டப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர்க்கமிட்டி ரோட்டை மறிக்கத் தீர்மானம் போட்டது. அதே நாளைக்கு எனக்கு டியூட்டி.

அன்றைக்குக் காலையில் பிரகாசி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் மகள், ஒன்றரை வயது ஜெனோவுக்குத் தலை சீவிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஊரு ஒரு பக்கம் நிக்கி. இவிய மட்டும் போலீஸ்காரன் பக்கம்."

"நான் கம்பம் நடுறவன் பிரகாசி. பக்கம் கிக்கம்லாம் எனக்குக் கிடையாது. நான் போகலன்னா வேற எவனாவது நடுவான்."

"வேற எவனாவது நட்டுட்டுப் போறான். எம் புருஷன் நட்டான்னு எனக்குப் பேர் வராதுல்லா."

அவளும் துறைமுகப் பக்கம் இறால் ஷெட்டில்தான் வேலை பார்க்கிறாள், அவளும்தானே அந்தப் பக்கம் போகிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் மூன்று நாள் சோறு கிடைக்காது என்று பேசாமல் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு இரண்டு வரிசை போடச் சொன்னார்கள். ஊர்ப் பக்கம் ஒன்று, துறைமுகப் பக்கம் ஒன்று. நடுவில் ரோடு, வண்டிகள் போக. வெளிப்பக்கம் இரண்டையும் அண்ணாச்சி சோதித்துக் கோடு போட்டார். ரோட்டைப் பார்த்த உள்பக்கமும் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அண்ணாச்சி அதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்து, ஒரு புளியமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"உள்பக்கத்த நான் பாத்துட்டேன் அண்ணாச்சி. நீங்க இரிங்க" என்றேன்.

இதை நீங்கள் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். பள்ளமே தெரியாதவன், பள்ளத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றரை வருஷமாக அதே வேலை செய்தால் நமக்கும் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. முழுசாக நடந்து பார்த்தேன், எங்கேயும் எதுவும் தட்டவில்லை. எனக்கு எங்கே தட்டப்போகிறது!

சிலுவை நிற்கிற குருசடி வளைவில் ரோடு குறுகும். இரண்டு வரிசையும் அங்கே கிட்டக் கிட்ட வந்துவிட்டன. அதை நான் கவனிக்கவில்லை. கடைசிக் கம்பத்தை நட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். பதினோரு மணிக்குக் கரண்டை முழு வேகத்தில் போட்டார்கள்.

குருசடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல் வந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

விழாவுக்காக ஷெட்டைப் பாதியில் மூடியிருக்கிறார்கள். மற்றப் பெண்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். பிரகாசி ஐஸ் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுக் கடைசியாக வந்திருக்கிறாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் என்னைத் தெரிந்தவன். "நம்ம தொம்மை வீட்டம்மாதானே, சுத்திப் போகாதம்மா, ரோட்டு வழியே நேரா போ" என்று உள்ளே விட்டிருக்கிறான். உதவிதான் செய்தான் பாவி.

நான் ஓடிப் பார்த்தபோது அவள் ரோட்டில் குப்புறக் கிடந்தாள். கால் நீட்டிப் படுக்கிற கட்டில் அகலத்துக்குத்தான் அவளுக்குத் தரை மிச்சம் இருந்தது போல. வளைவில் இரண்டு வரிசையும் கலந்து, நாலு பக்கமும் பள்ளம். பத்து விரலாலும் தாரைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். வெறும் தட்டையான ரோடு அது, பிடிக்க ஒன்றுமே இல்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் அவளை நோக்கி நடந்தேன். என்னைப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அவள் கண்ணுக்கு நான் அந்தரத்தில் நடந்து வருகிறேன்.

"வராதிய! ஐயோ மாதாவே, வராதிய! விழுந்துருவிய!"

"ஏட்டி, ஒண்ணுமில்லட்டி. ரோடுதான். கண்ண மூடிக்கோ, நான் தூக்கிட்டுப் போறேன்."

"கண்ண மூடுனா இன்னும் ஆழமா இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன். உடம்பு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. சரி, நாலே எட்டுதானே, அவள் கத்தினாலும் பரவாயில்லை என்று இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன். ஒரு எட்டு வைத்தேன். என் தோளைக் கடித்தாள். இரண்டாவது எட்டில் கத்தல் நின்றது. அப்பாடா என்று குனிந்து பார்த்தால், கண் மேலே சொருகிவிட்டது, வாய் திறந்திருக்கிறது, மூச்சு இல்லை. பதறிப்போய்ப் பழைய இடத்திலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். கன்னத்தைத் தட்டித் தட்டி, அவள் இழுத்து ஒரு மூச்சு விடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்புறம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நட்டவன் நான்தானே, பிடுங்குகிறேன் என்று போய் முதல் கம்பத்தைப் பிடுங்கி எறிந்தேன். பின்னால் அவள் அலறினாள், முன்னைவிட மோசமாக. திரும்பிப் பார்த்தால் உடம்பைச் சுருட்டி முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"சுருங்குது! தரை சுருங்குது! என்னத்தப் பண்ணுதிய?"

ஒரு கம்பம் போனால் பக்கத்துக் கம்பங்கள் அதன் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பயிற்சியில் சொன்னதுதான், எனக்குத்தான் புத்தியில் இல்லை. எறிந்த கம்பத்தை ஓடிப்போய் எடுத்து வந்து அதே குழியில் திரும்ப நட்டேன். என் பெண்டாட்டியைச் சுற்றி நானே, என் கையாலேயே, இரண்டாவது தடவையும் நட்டேன். ஊர்க்காரர்கள் முப்பதடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் மூவாயிரம் பேர் இருப்பார்கள். ஊர்ப்பக்கக் கோட்டில் வந்து முட்டி நின்றிருந்தார்கள். முன்வரிசையில் ஆண்களும் பெண்களும் சம்மணம் போட்டு, விளிம்பை ஒட்டி உட்கார்ந்துவிட்டார்கள். தலை சுற்றுகிறது, வயிறு புரட்டுகிறது, ஆனால் பின்னால் போக மாட்டார்கள். இடத்தை விட்டுக்கொடுத்தால் போராட்டம் தோற்றுவிட்டது என்று அர்த்தம், எங்கள் ஊர்ப் பழக்கம் அது. ஆளுக்கு ஆள் கையைக் கோத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னார்கள். சிலர் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். சிலர் "தொம்மை, அவளுக்குத் தண்ணி குடுல" என்று பாட்டிலை உருட்டிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கதிரேசன் கெட்ட மனுஷன் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தார்.

"சுவிட்ச் எங்ககிட்ட இல்லப்பா தொம்மை. சென்னையில இருக்கு. நீயே பேசு" என்று போனைத் தூக்கிப் போட்டார். நான் பிடித்தேன்.

"அண்ணா, ஒரு பகுதியை மட்டும் அணைக்க வழியில்ல" என்றது மிர்துளா. குரல் அழுகிற மாதிரி இருந்தது. "அணைச்சா மொத்த வரிசையும் அணையும். அந்தப் பக்கம் மூவாயிரம் பேர் இருக்காங்க."

"அணைங்கம்மா. அவிய எங்க ஊர்க்காரவிய. என் பெண்டாட்டிய ஒண்ணும் செய்ய மாட்டாவ."

"நாலு மணிக்கு அதுவா அணையும். அதுக்கு முன்னாடின்னா மூணு பேர் சம்மதம் வேணும். ஒருத்தர் குடுத்துட்டார். ரெண்டு பேர் மேடையில இருக்காங்க. மேடைக்குப் போறவங்க போனை வெளியில வாங்கி வச்சிருக்காங்கண்ணா."

"ஆள விட்டுச் சொல்லச் சொல்லுங்க."

"மேடைக்கு முன்னாடியும் விளிம்பு போட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் கம்பத்தையும் அன்றைக்கு அதிகாலையில் நான்தான் நட்டிருந்தேன். சரி, நானே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தால் பிரகாசி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அவளை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கும் தெம்பில்லை. ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் சுற்றிக்கொண்டு ஓடினார். மேடைக்கு நாற்பதடி முன்னால் முகம் வெளுத்து நின்று கத்தியிருக்கிறார். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கோஷம் போட வந்தவன் என்று நினைத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார்களாம்.

சித்திரை வெயில். தார் இளகியது. என் சட்டையைக் கழற்றி அவளுக்குக் கீழே விரித்தேன், என் நிழல் அவள் மேல் விழுகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நர்ஸ் பிள்ளை ஊசியை எடுத்துக்கொண்டு நாலடி வந்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டது. என்னிடம் ஊசியைக் கொடுக்கவும் பயந்தது, அளவு தப்பினால் மூச்சே நின்றுவிடுமாம்.

"ஜெனோவ பால்வாடியில இருந்து யாரு கூப்பிடுவா?" என்று பிரகாசி கேட்டாள். இரண்டு மணி இருக்கும்.

"பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா கூப்பிட்டுட்டாவ."

"பால் காய்ச்சிக் குடுக்கணும். சீனி போடக் கூடாதுன்னு சொல்லுங்க." அப்புறம், "உங்களுக்கு உண்மையிலேயே தெரியலையா?" என்றாள்.

"என்னது?"

"இவ்வளவு ஆழம்."

கட்டினவளுக்கு வந்த பயத்தில் ஒரு துளிகூட எனக்குப் புரியவில்லை என்றால் நான் என்ன புருஷன்? அவள் விரலை ஒவ்வொன்றாகத் தாரிலிருந்து எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். அழுதேன். வேறென்ன செய்ய?

நாலு மணிக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி தூரத்திலிருந்து நடந்து வந்தார். சாதாரணமாக நடந்து வந்தார். கோட்டைத் தாண்டினார். முகம் வெளுக்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, அணைச்சுட்டானுவ. எழுந்திரு தாயி" என்றார்.

பிரகாசி எழுந்திருக்கவில்லை.

"அணைச்சுட்டாவட்டி. அண்ணாச்சியப் பாரு, நிக்காருல்லா."

பார்த்தாள். அண்ணாச்சி நிற்கிற இடத்தைப் பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ரெண்டு பேரும் விழப்போறிய" என்றாள்.

நான் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பிக் கத்தினேன். "பள்ளம் இல்ல! அணைச்சாச்சு! வாங்க, யாராச்சும் வாங்க!"

ஒருத்தரும் வரவில்லை. ஐந்து மணி நேரமாக விளிம்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பு நுனியை மட்டும் கோட்டுக்கு மேல் நீட்டிப் பார்த்து, நெருப்பில் பட்டவர் மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டார். கம்பத்தில் விளக்கு அணைந்திருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன? கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து வீட்டுக்குப் போனார்கள். எதிரில் ஒரு போலீஸ்காரன்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு போனில் பேசினார். ஸ்பீக்கரில் மிர்துளா குரல் கேட்டது. "சார், அவங்க எவ்வளவு நேரம் நின்னாங்க? சரியா சொல்லுங்க" என்றது. அந்தப் பக்கம் யாரோ ஓடி வந்து பேனா கேட்கிற சத்தமும் கேட்டது.

நர்ஸ் வந்து ஊசி போட்டு, தூங்க வைத்துத்தான் பிரகாசியை வீட்டுக்குத் தூக்கிப் போனோம். மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள்: தடியடி இல்லை, கைது இல்லை, ஒருவருக்கும் காயம் இல்லை.

அதற்கப்புறம் கல்லாமுனையில் கம்பங்களுக்குக் கரண்ட் போடவே இல்லை. கம்பம் மட்டும் நின்றது. நான் வேலையை விட்டேன். ஒருநாள் காலையில், எல்லோரும் பார்க்க, ஊர்ப்பக்க வரிசை முழுக்கப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். போலீஸ் கேட்கக்கூட இல்லை. அவர்களுக்குத் தெரியும். கம்பம் இல்லாத ரோட்டிலும் பிரகாசி அதே இடத்தில்தான் நின்றுவிடுகிறாள், விரல்கடை பிசகாமல். ஷெட் வேலை போய்விட்டது. ஆண்கள் பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸில் சுற்றிப் போய் வள்ளத்தை எடுக்கிறார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர், "காது நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்ல. மறக்கணும், நாளாகும்" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, அடுத்த மாசம் வரச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

நான் ஒரே ஒரு ஆளைத்தான் நம்பியிருந்தேன். ஜெனோ. அன்றைக்கு அவள் பால்வாடியில் இருந்தாள், பள்ளம் அவளைத் தொடவே இல்லை. அவளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, ஓடுகிற வயது. பிள்ளை ஒருத்தி அந்தப் பக்கம் ஓடி ஓடித் திரும்பி வந்தால், பார்த்துப் பார்த்து அவள் அம்மாவுக்கும் மறந்துபோகும் என்று கணக்குப் போட்டேன். பிரகாசியிடம் சொல்லவில்லை. சொன்னால் விடுவாளா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் ரோட்டோரம் நின்று பேசிக்கொண்டிருந்தது. நான் ஜெனோவை இறக்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி நின்றது. அவ்வளவுதான், கையை நீட்டிக்கொண்டு குடுகுடுவென்று ஓடினாள். கோட்டைத் தாண்டினாள். ரோட்டின் நடுவுக்கே போய்விட்டாள். கொலுசுச் சத்தம் கேட்டது. ஒன்றுமே ஆகவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, "அப்படித்தான் மக்கா! ஓடு!" என்று கைதட்டினேன்.

அப்போதுதான் பிரகாசி பார்த்தாள்.

கத்தியது அவள் மட்டும் இல்லை. பூசைக்கு வந்த அத்தனை பெண்களும் ஒரே சத்தமாக அலறினார்கள். அந்த மாதிரிச் சத்தத்தைக் கடலில் வள்ளம் கவிழ்ந்த அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறேன். பிரகாசி ஓடிவந்து கோட்டில் குப்புற விழுந்து, இரண்டு கையையும் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு, "எம் பிள்ள! எம் பிள்ள!" என்று தலையைத் தலையை அடித்துக்கொண்டாள். ஜெனோ திரும்பிப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து, வீரிட்டாள்.

ஓடிப்போய்த் தூக்கி வந்து கொடுத்தேன். பிரகாசி பிள்ளையை நெஞ்சோடு நசுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் பிஞ்சுத் தொடையில் இரண்டு அடி வைத்தாள். "போவியா? அங்க போவியா? இன்னொரு தடவை போவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன், காலைக்கூடத் தொட்டேன்.

நாலு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் சாயங்காலம், பிரகாசி குழாயடிக்குப் போன நேரம், ஜெனோவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தப் பக்கம் அவளை நிற்க வைத்துவிட்டு, நான் ரோட்டுக்குள் நாலு எட்டு போய்த் திரும்பி, குத்தவைத்து உட்கார்ந்து கையை விரித்தேன்.

"வா மக்கா. அப்பாட்ட வா."

வந்தாள். சிரித்துக்கொண்டேதான் வந்தாள். கோட்டுக்கு வந்ததும் நின்றாள். குனிந்து தட்டையான தாரைப் பார்த்தாள். ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாட்டி செல்லம். ஒண்ணுமில்ல, ரோடுதான்."

தலையை ஆட்டினாள். உதடு பிதுங்கியது. அப்புறம் என்னைப் பார்த்தாள், நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தாள், முகம் அப்படியே மாறிவிட்டது. அவளுக்கு அவளைப் பற்றிய பயம் போய்விட்டது. எனக்காகப் பயந்தாள்.

"அப்பா" என்றாள், இரண்டு கையையும் கீழே எனக்கு நீட்டி. "அப்பா, மேல வா. மேல வா."

நான் எவ்வளவோ சொன்னேன். தரையைத் தட்டிக் காட்டினேன், குதித்துக் காட்டினேன். குதிக்கக் குதிக்க அவள் அலறினாள், மூச்சு முட்டியது, முகம் நீலமாகிவிட்டது. யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் என் பக்கம் இருந்து ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் இல்லை.

எழுந்து அவளிடம் போனேன். கோட்டுக்கு வந்ததும் காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, கையை ஊன்றி, மூச்சு வாங்கி, ஏறுகிறவன் மாதிரி ஏறினேன். ஜெனோ அழுகையை நிறுத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.